பெருங்குடல் இல்லாமல் வாழ்ந்த சுந்தரவல்லி அக்கா

"அக்கா போயிட்டாங்க தம்பி." போனில் பெருமாள் அண்ணன் அவ்வளவுதான் சொன்னார். சுந்தரவல்லி அக்காவின் கணவர் அவர். முந்தாநாள்தான் அவர்கள் மகள் கல்யாணத்தில் இருவரையும் பார்த்திருந்தேன்.

அக்கா வாடிப்பட்டிப் பக்கம் வீடு வீடாகப் போய் மின்மீட்டர் ரீடிங் எடுத்தவர். நானும் அதே அலுவலகம். சில வருடங்களுக்கு முன் பெருங்குடல் முழுக்கப் புண்ணாகிவிட, அதை எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றுக்கு வெளியே கொண்டுவந்து, அதன்மேல் ஒரு பையை ஒட்டினார்கள். கழிவு அதில்தான் சேரும்.

வேலைக்குத் திரும்பிய அன்று எங்கள் கண்களெல்லாம் அவர் வயிற்றுப் பக்கமே போயின. மதியச் சாப்பாட்டில் அவரே பேச்சை எடுத்தார்.

"என்னத்தப் பாக்குறீங்க? கேட்டா சொல்லப்போறேன். சோறு வயித்துல கூழாகும். சத்தையெல்லாம் சிறுகுடலே எடுத்துக்கிரும். மிச்சத்துல இருக்க தண்ணியையும் உப்பையும் இழுத்து ஒடம்புல சேக்குறதுதான் பெருங்குடல் வேலை. எனக்கு அது இல்ல. அம்புட்டும் பைக்கு வந்துருது. நான் மயங்கி விழுந்தா வெறும் தண்ணியக் குடுத்துறாதீங்க. உப்பும் சீனியும் கரைச்சுக் குடுங்க."

அதன்பின் சித்திரை வெயிலிலும் உப்புக் கரைசல் பாட்டிலோடு நடந்தார். பையைக் காலி செய்ய, போகும் வீடுகளிலேயே கேட்டுக் கழிப்பறைக்குப் போவார். ஒரு வீட்டில் அவர் வெளியே வந்ததும், வாளி வாளியாக ஊற்றிக் கழுவும் சத்தம் தெருவரைக்கும் கேட்டது. "அவங்களுக்கும் இதே கொடல்தான் தம்பி. எனக்கு வெளிய தெரியுது, அம்புட்டுத்தான்" என்றார். குரல் மட்டும் இறங்கியிருந்தது.

மகள் கயல்விழிக்குத் திருமங்கலத்தில் மாப்பிள்ளை அமைந்தது. பரம்பரை நோய் என்று சம்பந்தம் முறிந்துவிடுமோ எனப் பெருமாள் அண்ணன் பயந்தார். தாலி ஏறும்வரை வாயைத் திறக்காதே என்று அக்காவிடம் சொன்னார். "எனக்கு மனசே இல்ல தம்பி. பிள்ளைக்காகப் பொறுத்துக்கிறேன்" என்றார் அக்கா என்னிடம்.

கல்யாணத்தன்று அதிகாலையிலிருந்தே அவருக்கு வயிற்றுப்போக்கு என்பது பின்னால்தான் தெரிந்தது. நான் சாப்பிட்டுக் கிளம்பிய பிறகு, பந்தியை விசாரித்துக்கொண்டிருந்தவர் சரிந்து விழுந்திருக்கிறார். சம்பந்தி வீட்டுப் பெண்கள் பதறிப்போய்ச் சொம்பு சொம்பாகத் தண்ணீர் கொடுத்திருக்கிறார்கள். குடித்ததெல்லாம் பைக்கே போயிற்று. பெருமாள் அண்ணன் பக்கத்திலேயே நின்றும், அத்தனை பேர் முன்னால் பையைப் பற்றிச் சொல்லி உப்புக் கரைசல் கேட்க வாய் வரவில்லை. சாயங்காலம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது சிறுநீரகம் வேலையை நிறுத்தியிருந்தது.

துக்க வீட்டிலும் பெருமாள் அண்ணன், "ஹார்ட் அட்டாக்" என்றுதான் வந்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். புதுத்தாலியோடு உட்கார்ந்திருந்த கயல்விழி எழுந்தாள்.

"இல்ல அத்தை" என்றாள் மாமியாரிடம். "எங்கம்மாவுக்குப் பெருங்குடல் கிடையாது. வயித்துல பை வச்சிருந்தாங்க. ஒடம்புல தண்ணியும் உப்பும் வத்திப்போய்ச் செத்தாங்க. உங்களுக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு யாரும் சொல்லல."

பெருமாள் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். சம்பந்தி அம்மாள் அக்காவின் முகத்தைப் பார்த்தார்.

"மொதல்லயே சொல்லியிருந்தா, வேணாம்னு போயிருப்போமோ என்னமோ" என்றார். "ஆனா உசுரு இருந்திருக்கும்ல?"

குளிப்பாட்டும் நேரம் வந்தபோது, அந்தப் பையை யார் எடுப்பது என்று பெண்கள் தயங்கி நின்றார்கள். அந்த அம்மாள்தான் கயல்விழியின் கையைப் பிடித்துக்கொண்டு மறைப்புக்குள் போனார்.

போய் வாருங்கள், அக்கா. உங்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பவர்களிடம், இனி உள்ளதைச் சொல்வோம்.