ஓட்டையில்லாத சட்டை

இராணுவ மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் அவளை எல்லோரும், ஈர் வாரும் சீப்பின் பெயரால், ஈருளி என்றே அழைத்தனர். இறந்த வீரர்களின் சீருடைகளைக் கொதிகலனில் இடுமுன், தையல் மடிப்புகளில் நகத்தை ஓட்டிப் பேனும் ஈரும் தேடுவது அவள் வழக்கம். போர் தொடங்கிய இரண்டு ஆண்டுகளில் அவள் அறிந்துகொண்டது ஒன்று: குண்டடிபட்டு இறந்தவனின் சட்டையில் ஓட்டை இருக்கும், பேன் பரப்பிய காய்ச்சலில் இறந்தவனின் சட்டையில் இருக்காது. ஓட்டையில்லாத குவியலே எப்போதும் உயரமாக இருந்தது.

வெளுத்த சீருடைகள் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சென்றன. ஒட்டுப்போட்டது ராசியில்லை என்று அனைவரும் ஓட்டையில்லாததற்கே அடித்துக்கொண்டனர்.

குளிர்காலத்தில் விறகு தீர்ந்தது. "இனிமே கொதிக்க வைக்க வேணாம். பச்சைத் தண்ணியில அலசிப் போடுங்க" என்றார் மேற்பார்வையாளர்.

"ஈரு சாகாதுங்க ஐயா."

"ஈருக்குப் பயந்து போரை நிறுத்தச் சொல்றியா?"

கூடமே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. பெற்றோர் போனபின் தானே வளர்த்த தம்பி மறுநாள் போர்முனைக்குப் புறப்படவிருந்தான். கடைசிக் கொதிப்பில் வெந்த ஒரு சீருடையை அன்று வீட்டுக்கு எடுத்துவந்தாள். அதன் நெஞ்சில் உள்ளங்கையளவு ஒட்டு இருந்தது.

மாலையில் தம்பி புதுச் சீருடையோடு வந்து நின்றான். "பாத்தியா அக்கா? ஒரு கிழிசல் இல்ல. முட்டி மோதி வாங்கினேன்!"

அவள் கழுத்துப்பட்டியைப் புரட்டினாள். மடிப்பில் ஓடிய நகம் நின்றது.

"கழட்டுடா."

"ஏன்?"

"கழட்டுன்னா கழட்டு. இதப் போட்டுக்க."

"செத்தவன் சட்டையையா?"

"ரெண்டுமே செத்தவன் சட்டைதான்டா. இதப் போட்டவன் குண்டுல போனான், அதப் போட்டவன் காய்ச்சல்ல போனான். குண்டு சட்டையில தங்காது. பேன் தங்கும்."

முணுமுணுத்துக்கொண்டே அவன் மாற்றிக்கொண்டான். விடியலில் அந்த ஒட்டுச் சட்டையோடுதான் ரயில் ஏறினான். அவள் கண்ணாலேயே பார்த்தாள்.

மூன்றாம் வாரம் கடிதம் வந்தது.

"அக்கா, கோவிச்சுக்காத. அந்த ஒட்டுச் சட்டைய ரயில்லயே ஒரு ஏமாளி தலையில கட்டிட்டு, நல்லதா ஒண்ணு வாங்கிட்டேன். இங்க குண்டுச் சத்தமே இல்ல. உடம்பெல்லாம் அரிப்பு, ரெண்டு நாளா தலைவலி. வேற ஒண்ணும் இல்ல."

மறுநாள் போர்முனையிலிருந்து மூட்டைகள் வந்தன. ஈருளி ஓட்டையில்லாத சட்டைகளை முதலில் பிரித்து, அவற்றில் கட்டியிருந்த இறந்தவர் பெயர்ச்சீட்டுகளை ஒவ்வொன்றாகப் படிக்கத் தொடங்கினாள்.