பார்மட் செய்ய மாட்டேன்

தமிழ்நாடு முழுக்க மின்வெட்டில் புழுங்கிக் கிடந்த வருடங்கள். எங்கள் நெய்வேலி குவார்ட்டர்ஸில் மட்டும் மின்விசிறி நின்றதில்லை. நின்றது என் கம்ப்யூட்டர்தான்.

பழைய டெஸ்க்டாப். பட்டனை அழுத்திவிட்டு அரிசி களைந்து வைத்துவிட்டு வரலாம், அதற்குள் திரை விழித்திருந்தால் அது நல்ல நாள். பத்து நிமிடம் நடக்கும். பிறகு வரியின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில், உறைந்துபோகும். மவுஸ் அசையாது. எந்தப் பொத்தானை அழுத்தினாலும் பதில் இல்லை. சுவிட்சை அணைத்துத் திரும்பப் போட்டால் முன்னைவிடச் சீக்கிரம் உறையும்.

அதற்குள் ஏழு வருடம் இருந்தது. சமையலுக்கும் துணி துவைப்பதற்கும் நடுவே கிடைத்த மதியங்களில் நான் எழுதிய உரைநடைக் கவிதைகள் எல்லாம். தட்டச்சு செய்து முடித்ததும் நோட்டுகளைப் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிட்டேன். பெட்டிக்குள் போனது பத்திரம் என்று நம்பிய தலைமுறை நான். வேறெங்கும் நகல் இல்லை.

சிபியு பெட்டியை ஸ்கூட்டரில் கால்களுக்கு நடுவே வைத்து பஜாருக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் வயர்களை மாட்டி, அது உறையும்வரை காத்திருந்து, திறந்துகூடப் பார்க்காமல் தீர்ப்பு சொன்னார்.

"சாப்ட்வேர் பூட்ச்சிக்கா. பார்மட் அடிச்சிட்டா புதுசாட்டம் ஓடும்."

உள்ளே இருப்பது என்னாகும் என்று கேட்டேன்.

"எல்லாம் பூடும்ங்க. இன்னாத்த வச்சிகினு இருக்கீங்க, கல்யாண போட்டோவா?"

"கவிதைங்க."

"அதான் நிக்கிது," என்றார். கடையிலிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். அவர் கெட்டவரில்லை, நகல் எடுக்க முயன்றுதான் பார்த்தார். நாலாவது கோப்பில் உறைந்தது. ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறொரு கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்கலாம் என்பது எனக்கு அப்போது தெரியாது. அவர் சொல்லவுமில்லை. வரிசையில் ஆள் நிற்கிறது, பார்மட் அடிக்கட்டுமா வேணாமா என்றார். செய்ய மாட்டேன் என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

மறுநாள் காலையும் முயன்றேன். அன்றும் உறைந்தது. இரண்டாம் ஷிப்டுக்குக் கிளம்பும் முன் சாப்பிட உட்கார்ந்த கணவரிடம் சொன்னேன். திருநெல்வேலிக்காரர், மைன்ஸில் நிலக்கரி சுமக்கும் கன்வேயர் பெல்ட் பிரிவில் வேலை. எதையும் ஒரு வார்த்தையில் முடிப்பார்.

"கண்டம்னு எழுதித் தூக்கிப் போடுவியா, அத வச்சி அழுதுட்டுக் கெடக்க."

இனி உதவாது என்று ஒதுக்குவதற்கு மைன்ஸில் கண்டம் என்பார்கள். எனக்குச் சுர்ரென்று ஏறியது. "உங்க பெல்ட் நின்னா மைன்ஸையே கண்டம் பண்ணுவீங்களா?"

சாம்பாரைப் பிசைந்தபடி யோசித்தார். அது கேலி என்று அவருக்குப் படவேயில்லை. வேலைக் கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். "பெல்ட் நின்னா மொதல்ல ரோலர் சூடாயிருக்கான்னு பாப்போம். எது சுடுதோ அங்கதான் கோளாறு." கையைக் கழுவினார், ஹெல்மெட்டை எடுத்தார், போய்விட்டார்.

நான் எழுந்து போய் சிபியுவைத் தொட்டேன். தொட்டது துணியை.

எங்கள் ஊரில் எல்லாவற்றுக்கும் உடை உண்டு. கொடியில் வெள்ளைச் சட்டை காய்ந்தால் சாயங்காலம் கரும்புள்ளி விழுந்திருக்கும். அனல்மின் நிலையத்துச் சாம்பலுக்கும் நிலக்கரித் தூசிக்கும் பயந்து டிவிக்கு, மிக்சிக்கு, பிரிட்ஜுக்கு எல்லாம் பழைய புடவையில் உறை தைப்போம். நான் சிபியுவுக்கும் தைத்திருந்தேன், வயர் போக மட்டும் ஓட்டை விட்டு, சுருக்கம்கூட வைத்து. கடைக்குப் போனபோது கழற்றியவள் வீட்டுக்கு வந்ததும் பொறுப்பாக மறுபடி மாட்டியிருந்தேன். கரண்டுதான் போகாதே, எவள் அணைப்பாள்? திரை உறைந்து நின்றாலும் காலையிலிருந்து மாலைவரை அது புடவைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். உறைக்குள் கையை விட்டேன். இட்லிக் குண்டானைத் தொட்டதுபோல் வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன்.

பிளக்கைப் பிடுங்கினேன். உறையை உருவினேன். பக்கவாட்டுத் தகட்டின் திருகுகளைக் கழற்றினேன். உள்ளே சின்ன விசிறி ஒன்று, சாம்பல் நிற மெத்தைக்குள் புதைந்து கிடந்தது. விரலால் தள்ளியும் சுற்றவில்லை. உறை போட்டும் தூசி நுழைந்துவிட்டது. சூட்டுக்கு மட்டும்தான் வெளியே போக வழியில்லை.

பக்கத்து வீட்டு அக்காவிடம் சைக்கிள் பம்ப் கேட்டேன். பண்ருட்டிப் பக்கத்துக்காரர். பம்ப்போடு வந்து நடுக்கூடத்தில் பிரிந்து கிடந்ததைப் பார்த்தார்.

"இன்னாடி, பொணத்த அறுக்குற மாதிரி போட்டுகினு ஒக்காந்துகினு இருக்க. அண்ணன் வந்தா திட்டப் போறாரு."

"திட்டட்டும்க்கா. பம்ப்பக் குடுங்க."

பெயிண்ட் பிரஷ்ஷால் தள்ளி, பம்ப்பால் ஊதினேன். வீடு முழுக்க அனல்மின் நிலையம் ஆனது. அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நகராமல் நின்றார். ராம் என்கிற நினைவக அட்டையைப் பிடுங்கி, அதன் பித்தளை நிறப் பற்களை ரப்பரால் அழித்துத் துடைத்தேன். யாரோ எப்போதோ சொன்ன வைத்தியம்.

பட்டனை அழுத்தினேன். திரை இருட்டு. நீளமாக ஒரு பீப், மறுபடி ஒன்று. ஏழு வருடத்தை என் கையாலேயே கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன். அணைத்துவிட்டு, ராம் அட்டையைக் கட்டைவிரலால் அமுக்கினேன், 'டக்' என்று உட்காரும்வரை. மறுபடி அழுத்தினேன்.

விசிறி சுற்றியது. திரை விழித்தது. பத்து நிமிடம், இருபது, நாற்பது. பென் டிரைவில் கோப்புகள் ஒவ்வொன்றாக இறங்கின. பாதி இறங்கும்வரை நான் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஒன்று மட்டும் சரியாகத் திறக்கவில்லை. கடைசியாக உறைந்தபோது திறந்திருந்த கவிதை. எழுத்து இருந்த இடமெல்லாம் கட்டங்கள்.

பக்கவாட்டுத் தகட்டை மூடாமலே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். நினைவிலிருந்த வரிகளை அடித்தேன். வராத வரிகளின் இடத்தில் வேறு வரிகளை எழுதினேன். முன்னது நல்லதா பின்னது நல்லதா என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை.