பூரி சுட்ட கை

அன்றைக்குத் திருத்தங்கல் பிரஸ்ஸில் இருந்தவர்கள் ஐந்து பேர். முதலாளி, லேமினேஷன் மிஷின் ஓட்டுகிற நான், மிஷினுக்குத் தாள் கொடுக்கிற அக்கா, நாரணாபுரம் பட்டாசுக் கம்பெனியின் கணக்குப்பிள்ளை, கொப்புளங்களைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற கல்லூரிப் பெண். இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. பிறகு வேறு பலரும் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி கதை சொன்னார்கள்.

மேசை மேல் அந்தக் கம்பெனியின் பட்டாசுப் பெட்டிக்கான மேல்தாள்கள் கிடந்தன. பிளாஸ்டிக் பிலிமைச் சூடான ரோலரில் விட்டுத் தாளோடு ஒட்டுவதுதான் என் வேலை. ஒட்டி அடுக்கிய மறுநாள் பிரித்துப் பார்த்தால், படத்திலிருந்த மயில் முழுக்கக் கொப்புளம். கழுத்தில் கொத்தாக, தோகையில் மணி மணியாக. ஒரு லோடு முழுவதும் அப்படியே வீணாய்ப் போயிற்று.

மை காயாமல் ஒட்டினால் இப்படி ஆகும். சீசன் அவசரத்தில் அச்சடித்த அன்றே ஒட்டச் சொன்னவர் முதலாளி. ரோலர் கூடுதலாகச் சூடானாலும் இப்படி ஆகும். அப்படியென்றால் நஷ்டம் என் தலையில். எட்டாம் வகுப்போடு நின்றவன் நான். படித்தவர் ஒருவர் வந்து பார்த்தால் உண்மை தெரிந்துவிடும் என்று நம்பினேன். பிலிம் விற்கிறவர் சொல்லி அந்தப் பெண் வந்ததும் நாற்காலியைத் துடைத்துப் போட்டது நான்தான்.

அவர் உட்காரவில்லை. ஒரு தாளின் மூலையிலிருந்து பிலிமை மெதுவாக உரித்தார். எவ்வளவு இழுத்தால் பிரிகிறது என்று ஒரு சின்னக் கருவி காட்டிக்கொண்டே இருந்தது.

“எல்லாம் ஒரே மாதிரிதாண்ணே. ரெண்டு அடுக்கு இருக்கும். நடுவுல ஒட்டு பலமில்லாத இடத்துல ஆவியோ காத்தோ தண்ணியோ சேர்ந்து மேல தூக்கும். பெயிண்ட்லயும் அப்படித்தான், அப்பளத்துலயும் அப்படித்தான், நம்ம தோல்லயும் அப்படித்தான். நான் மூணையும் பாக்கிறேன்.”

“அப்பளத்துக்கு ஆராய்ச்சியா? எங்க வீட்டம்மா காதுல போட்டுறாதீக. இத்தனை வருசத்துக்கும் சம்பளம் கேப்பா” என்றார் கணக்குப்பிள்ளை. அக்கா வாயைப் பொத்திச் சிரித்தார்.

“ஒட்டும்போது ரோலர் எவ்வளவு சூட்டுல இருந்துச்சு?” என்று அந்தப் பெண் கேட்டார்.

சூடு காட்டும் மீட்டர் செத்துப்போய் நாளாகிவிட்டது. பழைய மிஷின் ஓட்டுகிற எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். புறங்கையை ரோலருக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்ப்பது. செய்து காட்டக் கையை நீட்டினேன். விரல் முட்டிக்கு மேல் மொச்சைக் கொட்டை அளவில் ஒரு கொப்புளம்.

அந்தப் பெண் ஆவலாகக் குனிந்தார். “ஒரு போட்டோ எடுத்துக்கவாண்ணே?”

முதலாளியும் குனிந்தார். “ஏலே, பக்கத்துல வச்ச கையே வெந்திருக்கு. அப்ப ரோலர் எம்புட்டுச் சூடா இருந்திருக்கும்?”

அது ரோலரில் பட்டதே இல்லை. என் மனைவி ஏழாயிரம்பண்ணைப் பக்கம் பட்டாசு வேலைக்கு விடியும் முன்பே வேன் ஏறிவிடுவாள். பிள்ளைகளுக்குக் காலையில் நான்தான் சமைப்பேன். முந்தின நாள் காலையில் பூரி சுட்டேன். சின்னவளுக்கு ஆறட்டுமே என்று உப்பியிருந்ததைக் கரண்டிக் காம்பால் குத்தினேன். உள்ளேயிருந்த ஆவி குப்பென்று கையில் அடித்தது.

“பூரியில பட்டதுங்க, முதலாளி.”

“கேட்டுக்கோங்க அண்ணாச்சி. இவன் கையைப் பூரி சுட்டுருச்சாம்.”

கணக்குப்பிள்ளை சிரித்தார். நான் அந்தப் பெண்ணிடம் திரும்பினேன். “நீங்க சொல்லுங்க தாயி. ஆவி சுட்டதா, ரோலர் சுட்டதான்னு பாத்தாத் தெரியுமில்ல?”

அவர் லென்ஸ் வைத்து நிதானமாகப் பார்த்தார். “பூரி ஆவியில வரும்ணே. ரோலர்லயும் வரும். கொப்புளத்தை மட்டும் பாத்து எதுனாலன்னு என்னால சொல்ல முடியாது. இந்தத் தாளும் அப்படித்தான். அன்னைக்கே சூட்டை அளந்து வச்சிருந்தா ஏதாவது சொல்லலாம்.”

தெரியாததைத் தெரியாது என்றார். அவரிடம் கோபப்பட எனக்கு ஒன்றுமில்லை. அக்காவைப் பார்த்தேன். ஒட்டிய நாளில் தாள் கொடுக்கும்போது, “மை கையில ஒட்டுதே தம்பி” என்று சொன்னது அவர்தான். அவரும் முதலாளியிடம் முன்பணம் வாங்கியவர். பார்த்தும் பார்க்காதவர்போல, கொப்புளம் இல்லாத தாள் ஏதாவது தேறுமா என்று பிரிக்க ஆரம்பித்தார். நானும் அவர் பெயரை எடுக்கவில்லை.

“அதைக் குத்திராதீங்கண்ணே, தானா வத்திரும்” என்று சொல்லிவிட்டு, நாலைந்து மயில்களை உறையில் போட்டுக்கொண்டு அந்தப் பெண் பஸ் ஏறினார்.

தானாகத்தான் வற்றியது. தோல் உரிந்து, கீழே இளஞ்சிவப்பாகப் புதுத் தோல் வந்தது. மயில்கள் பழைய பேப்பர் விலைக்குப் போயின. மீட்டர் இன்னும் மாற்றவில்லை. அதே கையைத்தான் நீட்டிப் பார்க்கிறேன். நஷ்டத்தை முதலாளி என் முன்பணத்தோடு சேர்த்து, வாரச் சம்பளத்தில் பிடித்து வருகிறார். போன சனிக்கிழமை சம்பளத்தின்போது கேட்டேன். பாக்கி இருபத்தாறாயிரத்து ஐந்நூறு ரூபாய் என்றார்.