வீட்டுக்குப் போகாத டேப்லெட்டுகள்

காலாண்டுத் தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, எங்கள் பள்ளியின் தலைமையாசிரியையான சிஸ்டர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். அவருடைய மேசைமேல் பிரிக்காத அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. பழைய மாணவிகள் சிலர் சேர்ந்து பள்ளிக்கு நாற்பது டேப்லெட்டுகள் வாங்கிக் கொடுத்திருந்தார்கள். அதில் முதல் பெட்டி அது.

"எடுத்ததும் எல்லாருக்கும் வேண்டாம் டீச்சர். ஒரு வகுப்புக்கு மட்டும் ஒரு டெர்ம் குடுத்துப் பாக்கலாம். நல்லா வந்தா அப்புறம் யோசிக்கலாம். எப்படிப் பண்றதுன்னு பிளான் நீங்க போட்டுக் குடுங்க."

"நானா சிஸ்டர்? கம்ப்யூட்டர் மிஸ் இருக்காங்களே."

"அவங்க மெஷினைப் பாத்துக்குவாங்க. பிள்ளைங்களைப் பாத்துக்க ஒரு ஆள் வேணுமில்லைங்களா?"

சிஸ்டரின் சொந்த ஊர் தெற்கே, கடலோரம். கோயமுத்தூருக்கு வந்த ஆறு வருடத்தில் எங்கள் 'ங்க' அவர் பேச்சிலும் ஒட்டிக்கொண்டது. அவர் அப்படிக் கேட்டுவிட்டால் மறுத்துப் பேச எனக்கு வாய் வராது. சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் சமூக அறிவியல் எடுப்பவள். ஏழாம் வகுப்பு பி பிரிவுக்கு வகுப்பாசிரியை. அதனால் அந்த வகுப்பையே தேர்ந்தெடுத்தோம். முப்பத்தெட்டுப் பெண் பிள்ளைகள். ஏற்பாடுகளின் முதல் வாரம் முழுக்கச் சின்னச் சின்னத் தலைவலிகள்தான். எங்கள் வகுப்பறை, சிஸ்டர்கள் ஜெபிக்கும் சேப்பலை ஒட்டி இருந்தது. அந்தக் காலத்துக் கருங்கல் சுவரைத் தாண்டி வைஃபை வரவேயில்லை. ஆபீஸ் ரூமுக்கு மேலே இருந்த மூலை வகுப்பறைக்கு மாறினோம். அங்கே கரும்பலகைக்குப் பக்கத்தில் ஒரே ஒரு பிளக் பாயின்ட். எலக்ட்ரீசியனைக் கூப்பிட்டுப் பின்சுவரில் வரிசையாகப் பாயின்ட் எடுக்கச் சொன்னோம். இதையெல்லாம் கம்ப்யூட்டர் மிஸ் சிரித்த முகமாகச் செய்துவிட்டார்.

எனக்கும் சிஸ்டருக்கும் இழுபறியானது ஒரே விஷயத்தில்தான். டேப்லெட்டைப் பிள்ளைகள் தினமும் வீட்டுக்கு எடுத்துப் போக வேண்டும் என்று நான் எழுதியிருந்தேன். சிஸ்டர் அந்த வரியில் விரலை வைத்தார்.

"பஸ்ஸுல போற பிள்ளைங்க டீச்சர். தொலைஞ்சா? உடைஞ்சா?"

"பாத்துக்கலாம் சிஸ்டர். வீட்டுல ஃபோன் இல்லாத பிள்ளை எங்க போகும்?"

என் குரல் தேவைக்கு மேல் உயர்ந்திருக்க வேண்டும். சிஸ்டர் தாளை என் பக்கம் தள்ளினார். பிறகு, "சரி, பெற்றோர் கூட்டத்துல சொல்லிப் பாருங்க" என்றார்.

நான் அப்படிப் பிடிவாதம் பிடித்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அதை யாரிடமும் சொன்னதில்லை.

கொரோனா சமயத்தில் ஆன்லைனில் பாடம் நடத்தினோம் அல்லவா, அப்போது எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். நன்றாகப் படிப்பாள், கையெழுத்து முத்துமுத்தாக இருக்கும். ஆன்லைன் வகுப்பில் மட்டும் கேமராவைப் போடவே மாட்டாள். கேள்வி கேட்டால் நாலு முறை கூப்பிட்ட பிறகு ஒரு சத்தம் வரும். ஒருநாள் எனக்குப் பொறுமை போய்விட்டது. "படுத்துத் தூங்கிட்டே கிளாஸ் கவனிக்கிறியா? வெக்கமா இல்ல?" என்று அத்தனை பேர் முன்னாலும் கேட்டுவிட்டேன். அவள் பெயர் இருந்த கட்டம் திரையிலிருந்து மறைந்தது. அடுத்த இரண்டு நாள் அவள் வரவில்லை. பிறகு வந்தாள், ஆனால் வாயே திறக்கவில்லை. அடுத்த ஜூனில் டிசி வாங்கிக்கொண்டு போய்விட்டாள்.

அவளோடு படித்த பெண் ஒருத்தி பிறகுதான் சொன்னாள். "அவங்க ஊடு ஒரே ரூமுங்க மிஸ். அவங்கப்பா வேலையில்லாம அங்கயேதான் படுத்திருப்பாருங்க. ஃபோனும் ஒண்ணுதான். அதனாலதான் கேமரா போட மாட்டாளுங்க."

அவள் அம்மாவின் எண்ணுக்குக் கூப்பிட்டேன். அந்த எண் உபயோகத்தில் இல்லை என்று வந்தது. இன்னும் யாரையாவது விசாரித்திருந்தால் வேறு எண் கிடைத்திருக்கும். நான் விசாரிக்கவில்லை.

போன வருடம் அந்தக் குடும்பம் வெளியூரிலிருந்து கோயமுத்தூருக்கே திரும்பி வந்தது. அவளுடைய தங்கையை எங்கள் பள்ளியிலேயே ஆறாம் வகுப்பில் சேர்த்தார்கள். இந்த வருடம் அந்தக் குழந்தை என் வகுப்பில் இருந்தாள். அவளுடைய அம்மாவைப் பள்ளி வாசலில் பார்த்தால் நான் ஏதோ மறந்துவிட்டவள் போல ஸ்டாஃப் ரூமுக்குத் திரும்பிவிடுவேன். இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த ஒருத்தி, ஒரு தாய்க்குப் பயந்து ஒளிவது எனக்கே அசிங்கமாக இருந்தது. ஆனாலும் ஒளிந்தேன்.

சனிக்கிழமை காலை பெற்றோர் கூட்டம். ஹாலில் மின்விசிறிகள் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தன. நான் மைக்கைப் பிடித்துத் திட்டத்தை விளக்கினேன். ஒரு அப்பா கண் கெட்டுப்போகாதா என்று கேட்டார். இன்னொருவர் கேம் விளையாட முடியாமல் பூட்ட முடியுமா என்று கேட்டார். கம்ப்யூட்டர் மிஸ் பதில் சொன்னார். அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு கை உயர்ந்தது. அந்த அம்மாதான். மோட்டார் கம்பெனியில் செம்புக் கம்பிச் சுருள் சுற்றும் வேலை அவருக்கு. சீருடைக் கோட்டைக்கூடக் கழற்றாமல் நேராக அங்கிருந்து வந்திருந்தார்.

"ஏனுங்க மிஸ், ஒண்ணு சொல்லோணுமுங்க."

இத்தனை பேர் முன்னால் இன்று எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

"சொல்லுங்கம்மா."

"அத ஊட்டுக்கு மட்டும் குடுத்து உடாதீங்க."

நான் எதிர்பார்த்தது அது இல்லை. "ஏனுங்கம்மா? வீட்லயும் படிக்கட்டும்னுதான..." என்று இழுத்தேன்.

"எங்க ஊட்டுல ஒரே ரூமுங்க. பொழுதானா டிவி ஓடும், சமையல் நடக்கும். அத வெச்சுக்கிட்டு புள்ள எங்கீங்க உக்காரும்? கீழ போட்டு ஒடச்சுப்போடுமோன்னு நான் வேற பயந்துட்டே இருக்கோணும். பள்ளிக்கூடத்துல இருக்கற நேரத்துல நல்லாச் சொல்லிக் குடுங்க, போதும். ஊட்டுக்கு வந்தா கொஞ்ச நேரம் வெளையாடட்டுமுங்க."

"அதுதானுங்க சரி" என்று பின்னாலிருந்து ஒரு அப்பா குரல் கொடுத்தார். நிறையத் தலைகள் ஆடின. நான் சிஸ்டரைப் பார்த்தேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் சம்மதப் படிவத்தில் கையெழுத்துப் போட வரிசையில் வந்தார்கள். அந்த அம்மாவின் முறை வந்தது. இனி திரும்பி ஓட ஸ்டாஃப் ரூம் பக்கத்தில் இல்லை.

"பெரிய பொண்ணு என்ன பண்றாங்கம்மா?"

"நர்சிங் படிக்கறாளுங்க. இந்த வருசந்தான் சேந்தா."

"அன்னைக்கு ஆன்லைன் கிளாஸ்ல நான் அவளைத் திட்டிப்போட்டேனுங்க. எல்லார் முன்னாடியும். அதனாலதான் ஸ்கூலை விட்டே போயிட்டாளோன்னு..."

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"ஆமாங்க, அழுதா. ரெண்டு நாளு சோறே சரியாத் திங்கலீங்க. எனக்கும் உங்க மேல நல்ல கோவந்தான்." படிவத்தை என்னிடம் நீட்டினார். "ஆனா டிசி வாங்குனது அதுக்கில்லீங்க. அவங்கப்பாவுக்கு வேலை போயிருச்சு. எங்கண்ணன் மேட்டுப்பாளையத்துல காய் மண்டில இருக்கறாரு. இங்க வந்துருங்கன்னு கூப்பிட்டாரு, போயிட்டோம். மிஸ்ஸு திட்டுனதுக்கெல்லாம் ஸ்கூலு மாத்துனா வருசத்துக்கு நாலு ஸ்கூலு மாத்தோணுமுங்க."

சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

"நான் அன்னைக்கே உங்களத் தேடி வந்து பேசியிருக்கோணும். மன்னிச்சுக்கங்க."

"உடுங்க மிஸ். அன்னைக்கு எல்லாருமே கிறுக்குப் புடிச்ச மாதிரிதான இருந்தோம்." வாசல் பக்கம் திரும்பி, "அம்மணி, பைய எடு, போலாம்" என்று சின்ன மகளைக் கூப்பிட்டார்.

அவர்கள் போன பிறகு நான் அங்கிருந்த பெஞ்சில் உட்கார்ந்தேன். அவள் அழுதாள் என்பது வலித்தது. ஆனால் ஐந்து வருடமாக நான் கற்பனை செய்து வைத்திருந்ததைவிட அது எவ்வளவோ சின்னது. என்னால் ஒரு படிப்பு நின்றுபோகவில்லை. பெற்றோருக்கென்று வாங்கி வைத்திருந்த போண்டா தட்டில் ஆறிக்கிடந்தது. காலையிலிருந்து எனக்கு எதுவும் இறங்கவில்லை. இரண்டை எடுத்துச் சட்னிகூட இல்லாமல் தின்றேன்.

திங்கட்கிழமை சிஸ்டரிடம் போய், வீட்டுக்குக் கொடுத்து அனுப்பும் பகுதியை எடுத்துவிடலாம் என்றேன். அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பாடா! உங்க மனசு மாறணும்னு தினமும் சேப்பல்ல இதைத்தான் டீச்சர் கேட்டுட்டு இருந்தேன்."

"என்கிட்டயே வேண்டாம்னு சொல்லியிருக்கலாமே சிஸ்டர்?"

"அவ்வளவு அழுத்தமாக் கேட்டீங்க. ஏதோ காரணம் இருக்கும்னு தோணுச்சு."

அப்போதுதான் அந்தக் காரணத்தை முதல் தடவையாக ஒருவரிடம் சொன்னேன். நான் முடித்ததும் சிஸ்டர் டீ கொண்டுவரச் சொன்னார். இருவரும் குடித்துக்கொண்டே மீதித் திட்டத்தைச் சுருக்கினோம். டேப்லெட்டுகள் இரும்பு பீரோவில் இருக்கும். பாடவேளையில் எடுத்துக் கொடுத்து முடிந்ததும் வாங்கி வைத்துவிடுவோம். வாரத்துக்கு மூன்று நாள் போதும். எட்டுப் பக்கமாக இருந்தது ஒன்றரைப் பக்கத்துக்கு வந்துவிட்டது.

காலாண்டு விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் முதல் வகுப்பு. தமிழ்நாட்டு ஆறுகள் என்று பாடம் தயாரித்திருந்தேன். டேப்லெட்டில் செயற்கைக்கோள் வரைபடத்தைத் திறந்து பவானி ஆற்றைக் கண்டுபிடித்து, அது காவிரியோடு சேரும் இடம்வரை விரலால் தொடர்ந்து போங்கள் என்று சொன்னேன். முதல் இரண்டு நிமிடம் எல்லோரும் ஆற்றைத்தான் பார்த்தார்கள். பிறகு ஒருத்தி, "மிஸ், எங்க ஊடு!" என்று கத்தினாள். அவ்வளவுதான், ஆறு காணாமல் போய்விட்டது. மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியை வைத்து ஒருத்தி வீட்டைக் கண்டுபிடித்தாள். பள்ளிவாசலுக்கு எதிர்ச் சந்து தன் சந்து என்று இன்னொருத்தி பெஞ்ச் பெஞ்சாகக் காட்டிக்கொண்டு வந்தாள். ஒரு டேப்லெட் அப்படியே நின்றுபோனது. இன்னொன்று எப்படியோ ஆப்பிரிக்காவுக்குப் போய்விட்டது. கம்ப்யூட்டர் மிஸ் வரிசைக்கு வரிசை ஓடிக்கொண்டிருந்தார்.

வேறொரு நாளாக இருந்தால் மேசையைத் தட்டி அடக்கியிருப்பேன். அன்று பத்து நிமிடம் விட்டேன். அதற்குப் பிறகு, "சரி, இப்ப உங்க வீட்டுல இருந்து பவானிக்கு எப்படிப் போவீங்க?" என்று கேட்டேன். முப்பத்தெட்டுத் தலைகளும் குனிந்தன. பாடம் பாதிதான் முடிந்தது. மணி அடித்ததும் டேப்லெட்டுகளை எண்ணிப் பீரோவில் வைத்தோம். எல்லாம் இருந்தன, எதிலும் கீறல் இல்லை.

அன்று மாலை டவுன் பஸ்ஸில் எனக்கு ஜன்னலோரம் இடம் கிடைத்தது. காந்திபுரத்தில் இறங்க வேண்டியவள். நன்றாகத் தூங்கிப்போய், இரண்டு ஸ்டாப் தாண்டிய பிறகு கண்டக்டர்தான் எழுப்பினார்.