சொதிச் சாப்பாடும் என் வயிறும்

எனக்கு எழுபத்தெட்டு வயது முடிந்துவிட்டது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். ஆறு பேர் வயிற்றையும் கவனிக்கத் தெரிந்த எனக்கு என் வயிறு மட்டும் அடங்கவே இல்லை.

தூத்துக்குடியில் புதுத் துறைமுக வேலை நடந்துகொண்டிருந்த காலம். துறைமுகத்துக்குப் போகிற சாலையில் எங்களுக்குப் பலசரக்குக் கடை, அதற்குப் பின்னாலேயே வீடு. சோறு தின்று கை கழுவுவதற்குள் வயிறு ஊதிக்கொள்ளும். புளிச்ச ஏப்பம் நெஞ்சுவரை ஏறும். அப்புறம் கொல்லைக்கு ஓட்டம். ஒருநாள் இரண்டுநாள் என்றால் பரவாயில்லை, வருசக்கணக்கில் இதே பாடு.

வைத்தியம் சொல்லாத ஆள் இல்லை. ஓமத் தண்ணீர் குடித்தேன், சுக்கு குடித்தேன், வெந்தயத்தை முழுங்கினேன். குடல் ஏறியிருக்கிறது என்று ஒருத்தி எண்ணெய் போட்டு வயிற்றைத் தடவிவிட்டாள். அன்றைக்குக் கூடுதலாக ஓடினேன். டாக்டரிடமும் போனேன். வீட்டில் கழுவிக் கொண்டுபோன பாட்டிலில் கம்பவுண்டர் ரோஸ் நிறத்தில் மருந்து ஊற்றித் தந்தார். டாக்டர், "கவலைப்படாதீங்கம்மா, கவலைப்பட்டாலே இப்படித்தான் வரும்" என்றார். ஆறு பிள்ளை பெற்றவளிடம் சொல்கிற பேச்சா அது? கவலை வராமல் இருக்க மாத்திரை இருந்தால் கொடுங்கள் என்று கேட்டுவிட்டு எழுந்து வந்தேன்.

கடைசியில் நானாகக் கண்டுபிடித்ததுதான் உருப்படியானது. பால், தேங்காய்ப் பால், பருப்பு மூன்றையும் விட்டு, கொஞ்சமாக ரசமும் சோறும் சாப்பிட்டால் அன்றைக்குப் பிழைத்தேன். ஆனால் எத்தனை நாளைக்கு ரசத்தையே தின்பது? மற்றவர்களுக்கு மீன் குழம்பு கொதிக்க வைத்துவிட்டு நான் ரசத்தைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தால் எரிச்சல் வருமா, வராதா?

அந்தச் சமயத்தில்தான் மூத்தவனுக்குக் கல்யாணம். பெண் சாயர்புரத்துப் பெண். கல்யாணத்துக்கு மறுநாள் பெண் வீட்டில் சொதி வைத்து மாப்பிள்ளை வீட்டாருக்கு விருந்து போடுவது எங்கள் வழக்கம். தேங்காயைப் பிழிந்த பாலில் பாசிப்பருப்பும் காய்கறியும் வெந்து கிடக்கும். எனக்கு ஆகாததெல்லாம் ஒரே பாத்திரத்தில். மாப்பிள்ளையின் தாய் அதில் கைவைக்காமல் எழுந்தால் பெண் வீட்டாரை அவமானப்படுத்தியதாக அர்த்தம். அந்தப் பெண் முதல் நாளே கண்ணைக் கசக்கிக்கொண்டு என் வீட்டுக்குள் வருவாள்.

வயிறு சரியில்லை என்று முன்னாலேயே சொல்லியிருக்கலாமே என்பீர்கள். எப்படிச் சொல்வது? சீக்கை மறைத்துப் பெண் எடுத்தார்கள் என்று பேச்சு வரும். அந்தப் பேச்சைக் கேட்கிற ஆள் நான் இல்லை.

பந்தியில் இஞ்சிப் பச்சடியைத் தொட்டுத் தொட்டு நாக்கில் வைத்துக்கொண்டிருந்தேன். சம்பந்தியம்மா சொதி வாளியோடு என் முன்னால் வந்து நின்றாள்.

"என்ன மைனி, கோழி மாதிரி கொத்துதிய? சொதி பிடிக்கலையோ?"

"பிடிக்காம என்ன? நான் மெதுவாத்தான் சாப்பிடுவேன்."

பெண்ணின் அத்தை பின்னாலிருந்து வாயைத் திறந்தாள். "மாப்பிள்ளைக்கு அம்மைல்லா, முறுக்கு இருக்கத்தான செய்யும். இல்லேன்னா நாம மருந்து கிருந்து வச்சிருப்போம்னு பயப்படுதாவளோ என்னவோ."

சோற்றில் வசிய மருந்து வைப்பார்கள் என்று அப்போதெல்லாம் ஒரு பயம் உண்டு. பந்தியே சிரித்தது. மருமகள் மட்டும் சிரிக்கவில்லை. என் இலையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சோற்றில் பெரிய குழியாகப் பறித்தேன். "ஊத்துங்க மைனி, நல்லா ஊத்துங்க" என்றேன்.

பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர், "ஏளா, பஸ்ல போகணும், பாத்துக்கோ" என்று முணுமுணுத்தார்.

"நீங்க உங்க இலையப் பாருங்க."

பாயசம்வரை ஒன்றையும் மிச்சம் வைக்கவில்லை.

பஸ்ஸுக்குக் கிளம்பி நிற்கும்போது வயிறு இரைந்தது. பின்னால் இருந்த பனைவிளைக்குள் ஓடினேன். திரும்பி வந்து சேலையைச் சரிசெய்வதற்குள் மறுபடியும் ஓட்டம். எங்கள் ஆட்களெல்லாம் பஸ் ஏறிவிட்டார்கள். நானும் அவரும் நின்றுவிட்டோம். சம்பந்தியம்மா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். எனக்கு ஆறுதல் சொல்வாள் என்று பார்த்தால், அவளுக்குக் கோபம் பொங்கியது.

"சொல்லப்படாதா மைனி? ஒரு ரசம் வைக்க எனக்கு எம்புட்டு நேரமாவும்? இப்பம் என் சொதியத் தின்னுட்டு மாப்பிள்ளைக்கு அம்ம விழுந்து கிடக்கான்னுல்லா தெருவே பேசும்! இன்னும் ஒரு பிள்ளைய நான் கட்டிக் குடுக்கணும்."

யாருடைய மானத்துக்காக அத்தனையும் தின்றேனோ, அந்த மானம்தான் போய்க்கொண்டிருந்தது. வாசலில் அந்த அத்தை பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு ஏதோ பேசுவது காதில் விழுந்தது. எனக்கு வந்த ஆத்திரத்தில் நேராக வாசலுக்கே போனேன்.

"எம்மா, எல்லாரும் நல்லாக் கேட்டுக்கிடுங்க. சொதில ஒரு குத்தமும் கிடையாது. என் வயிறுதான் கெட்ட வயிறு. வருசக்கணக்கா இப்படித்தான். எங்க வீட்டுல நானே பொங்கித் தின்னாலும் ஓடுவேன்."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். அத்தை விடவில்லை. "அப்பம் எதுக்கு மைனி இம்புட்டுந் தின்னிய?"

"உன் வாயை அடைக்கத்தான்!"

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. மறைத்து வைத்திருந்ததை நடுத்தெருவில் நானே கொட்டிவிட்டு நின்றேன்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக்கு எப்போது போனாலும், "மைனிக்கு ரசம் தனியா வச்சிருக்கேன்" என்று சம்பந்தியம்மா ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்லிக்கொண்டு பரிமாறுவாள். வயிறு தப்பித்தது உண்மைதான். ஆனாலும், பக்கத்து இலைகளிலெல்லாம் சொதி மணக்க, நான் ரசத்தைப் பிசைந்துகொண்டிருப்பேன். இன்றைக்கும் அதே ரசம்தான், அதே எரிச்சல்தான்.

ஏளா, இங்கே வா. நீ அந்தச் சாயர்புரத்து ஆச்சிக்கும் பேத்திதானே? நான் எழுதியிருக்கிற இதை ஒரு தடவை சத்தமாகப் படி. அவள் சமையலைக் குறை சொன்ன மாதிரி எங்கேயாவது பட்டால் அந்த இடத்தில் நிறுத்து, அந்த வரியை அடித்துவிடுகிறேன்.