பாட்ரீசியாவின் வேனும் மந்திரித்த தண்ணீரும்

வெள்ளிக்கிழமை காலை பத்தேகாலுக்கு, செலண்டார் பக்கத்து எஸ்டேட் மண்பாதையில், செம்பனை மரங்களுக்கு நடுவே பாட்ரீசியாவின் வேன் நின்றுவிட்டது. பின் இருக்கையில் நாகமுத்து இருந்தார். பதினொன்றரைக்குள் அவரை மலாக்கா டவுன் டயாலிசிஸ் நிலையத்தில் சேர்க்க வேண்டும். புதன்கிழமை காய்ச்சலில் போகவில்லை. கால்கள் செருப்புக்குள் நுழையாத அளவுக்கு வீங்கியிருந்தன. இன்றும் தவறினால் திங்கள்தான்.

“பதறாதம்மா. இந்தக் காலோட நான் எங்க ஓடிறப் போறேன்” என்றார் அவர்.

கணவர் பிரான்க்ளின் இறந்த பிறகு பன்னிரண்டு வருடமாக நோயாளிகளை ஏற்றி இறக்குவதுதான் அவள் பிழைப்பு. பழைய வேன் நின்றால் இறங்கி, ஸ்பேனரால் ஸ்டார்ட்டரை இரண்டு தட்டு தட்டுவாள், ஓடிவிடும். போன வருடம் வாங்கிய இந்த வேனில் பானெட்டைத் திறந்தால் கறுப்புப் பிளாஸ்டிக் மூடிதான் தெரிந்தது. கை வைக்க இடமில்லை.

கைப்பேசியில் வாடகைக் கார் கூப்பிட்டாள். இரண்டு பேர் ஒப்புக்கொண்டு, இடத்தைப் பார்த்ததும் கழன்றுகொண்டார்கள். அடுத்து அழைத்த செலண்டார் பட்டறை யுவனேஸ்வரன்தான், கோளாறு காட்டும் ஸ்கேனர் பெட்டியோடு மோட்டார்சைக்கிளில் வந்து சேர்ந்தான். ஸ்டியரிங்குக்கு அடியில் அதைச் செருகிப் பார்த்தான்.

“சென்சர் சிக்னல் வரலையாம்க்கா.”

“ஏன் வரல?”

“அத இது சொல்லாதுலா. சென்சரே போயிருந்தா கோலாலம்பூர்லேருந்து வரணும். திங்கக்கெழம ஆயிரும்.”

“பழைய வேனா இருந்தா இந்நேரம் நானே கெளப்பியிருப்பேன்.”

“அதுல நாலு வயரு. இதுல எங்கன்னு தேடறது? எடம் தெரிஞ்சா பத்து நிமிச வேல.” நிமிர்ந்து அவளைப் பார்த்தான். “தண்ணி கிண்ணி ஊத்தினீங்களா?”

“இல்லப்பா.”

வாய் முந்திக்கொண்டது. பானெட்டுக்குள் தண்ணீர் அடிக்கக் கூடாதென்று வாங்கின அன்றே சொல்லியிருந்தான். அவள் அடிக்கவில்லை. மாதத்தின் முதல் வெள்ளி பூசை முடிந்ததும், மந்திரித்த உப்புக் கலந்த தண்ணீரை எஞ்சின்மேல் சிலுவையாக ஊற்றி ஜெபிப்பாள். பழைய வேன் அத்தனை வருடமும் ஒரு முனகல் இல்லாமல் வாங்கிக்கொண்டது. இன்று காலையும் ஊற்றியிருந்தாள். காக்கச் சொல்லி ஊற்றியதே நிறுத்திவிட்டது என்று எப்படிச் சொல்வது?

“ம்மா, சன்னல கொஞ்சம் எறக்கு” என்றார் நாகமுத்து. “மூச்சு ஒரு மாதிரி இருக்கு.”

“ஊத்தினேன், யுவா” என்றாள் அவள். “கோயில் தண்ணி. உப்புப் போட்டது. மாசாமாசம்.”

அவன் சிரிக்கவில்லை. “எந்த எடத்துல?”

மூடிக்கு மேலே விரலால் சிலுவை போட்டுக் காட்டினாள். கீழ்முனை முடிந்த இடத்தில் அவன் கையை நுழைத்து ஒரு சென்சர் பிளக்கைப் பிடுங்கினான். உள்ளே பச்சைக் களிம்பு பூத்திருந்தது. பழைய பல் துலக்கியால் தேய்த்து, மருந்தடித்து, மறுபடி செருகினான். பொத்தானை அழுத்தியதும் எஞ்சின் பிடித்துக்கொண்டது. மஞ்சள் எச்சரிக்கை விளக்கு மட்டும் அணையவில்லை.

“இன்னிக்கு ஓடும்னு நெனக்கிறேன். அடிக்கடி ஆஃப் பண்ணாதீங்க. சாயந்தரம் கொண்டாங்க.”

வழியெல்லாம் அவள் காது எஞ்சினிலேயே இருந்தது. கதவோரம் கோயில் தண்ணீர் பாட்டில் உருண்டது.

“அந்தத் தண்ணிய என் தலையில தெளிச்சு விடு” என்றார் நாகமுத்து. “எனக்குள்ள வயரு இல்ல. குடிக்கத்தான் டாக்டர் வேணாங்கிறாரு.”

அவளுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி அவர் முகத்தைப் பார்க்கத்தான் பயமாக இருந்தது.

பதினொன்று இருபத்தெட்டுக்கு நர்ஸ் அவரைச் சக்கர நாற்காலியில் உள்ளே தள்ளிப் போனாள். மூன்றரைக்குக் கூட்டிப் போக வேண்டும். வேனை நிழலில் நிறுத்தி, பொத்தான்மேல் விரலை வைத்தாள். எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது. அணைக்க அவளுக்குத் தைரியம் வரவில்லை.