இந்தியா எதிர் சரோஜா: துவாரகாவிலிருந்து உச்ச நீதிமன்றம் வரை

2008 ஆகஸ்டில் நானும் அம்மாவும் டெல்லி போய் வந்தோம். சுற்றிப் பார்க்க அல்ல. உச்ச நீதிமன்றத்தில் எங்கள் வழக்கு இருந்தது. வழக்குக்காக ஊரிலிருந்து போகிறவர்களுக்கு யாரும் எதுவும் எழுதி வைத்ததாகத் தெரியவில்லை. அதனால் நான் வேலை பார்க்கும் பிரவுசிங் சென்டரில், கூட்டமில்லாத மதியங்களில் இதைத் தட்டச்சு செய்கிறேன்.

அப்பா மத்திய அரசுப் பணிமனை ஒன்றில் வேலை பார்த்தபோது இறந்துபோனார். கருணை அடிப்படையில் அம்மாவுக்கு வேலை கேட்டோம். அப்பா கடைசிவரை தற்காலிகப் பணியாளர்தான், அதனால் கிடையாது என்றது அலுவலகம். நான் பத்தாவதோடு நின்றது அந்த வருடம்தான். பிறகு உயர் நீதிமன்றம் அம்மாவுக்கு வேலை தரச் சொன்னது. அரசு மேல்முறையீடு செய்தது. வந்த நோட்டீஸில் 'யூனியன் ஆஃப் இந்தியா எதிர் சரோஜா' என்றிருந்தது. சரோஜா என் அம்மா.

"இந்தியாவே நம்ம மேல கேஸ் போட்டிருக்கா? நாம என்னாடி பண்ணோம்?" என்றார்.

சென்னை சென்ட்ரலில் இரவு பத்து மணி ரயில். சுமார் 2,180 கிலோமீட்டர், முப்பத்து மூன்று மணி நேரம். டெல்லியின் துவாரகா பகுதியில் சித்தி வீட்டில் தங்கினோம். திங்கள்கிழமை காலை ஏழரைக்குக் கிளம்பி மெட்ரோவில் பிரகதி மைதான் வரை போனோம். ஆளுக்குப் பத்தொன்பது ரூபாய். அங்கிருந்து நடந்தால் பதினைந்து நிமிடம்தான். தெரியாமல் ஆட்டோவிடம் போனோம். நாற்பது கேட்டார். சித்தி சொல்லித் தந்தபடி "பீஸ்", அதாவது இருபது, என்று மட்டும் சொன்னேன். "பஹஸ் கோர்ட் மே கர்னா, பேட்டி" என்று சிரித்தார். வாதாடுவதைக் கோர்ட்டில் வைத்துக்கொள் என்று அர்த்தமாம்.

எங்கள் வக்கீலை அதுவரை போனில்தான் கேட்டிருக்கிறோம். அவருடைய குமாஸ்தா கவுன்ட்டரில் நுழைவுச் சீட்டு வாங்கித் தந்து, வராந்தாவில் நிற்கச் சொல்லிவிட்டுப் போனார். எங்கே பார்த்தாலும் கறுப்புக் கோட்டு. இளம் பெண் வக்கீல் ஒருவர் எங்களிடம் வந்து, "சரோஜாம்மா நீங்கதானா? அச்சா. பேப்பர் ஏதாவது இருக்கா?" என்று தமிழில் கேட்டார். அந்த ஊரில் தமிழைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்துவிட்டது. பையிலிருந்த காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். ஊரிலிருந்து கிளம்பும் முன் அப்பாவின் பெட்டியைக் கவிழ்த்தபோது கிடைத்தது அது. இறப்பதற்கு இரண்டு மாதம் முன்பு அவரை நிரந்தரமாக்கிய உத்தரவின் நகல். வேறு பிரதி இல்லை.

பத்து நிமிடம் கழித்து எங்கள் வக்கீல் வந்தார். நான் சொன்னதைக் கேட்டு நெற்றியில் கை வைத்தார். "அந்தப் பொண்ணு கவர்ன்மென்ட் வக்கீலோட ஜூனியர்மா! எதிராளி கையிலேயே கொண்டுபோய்க் குடுத்துட்டு வந்து நிக்கிறியே. வாயத் தெறக்கவே மாட்ட, கையி மட்டும் நல்லா நீளுது."

அம்மா என்னைத் திட்டவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

எங்கள் எண் வந்ததும் அரசின் மூத்த வழக்கறிஞர் எழுந்து, அமைச்சகத்திடம் கேட்டுச் சொல்ல அவகாசம் வேண்டும் என்றார். அரசு வழக்கறிஞர்கள் சொந்தமாக எதையும் சொல்லிவிட முடியாதாம். அமைச்சகக் கோப்பும், அங்கிருந்து வரும் அறிவுறுத்தலும் வேண்டும். வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவைத்தார்கள்.  நடுவில் ஒரு நாள் சித்தி குதுப்மினாருக்குக் கூப்பிட்டார். போகவில்லை.

வெள்ளிக்கிழமை அந்த மூத்த வழக்கறிஞருக்குப் பின்னால் பணிமனை அதிகாரி ஒருவர் கோப்போடு உட்கார்ந்திருந்தார். எங்கள் வழக்கைக் கூப்பிட்டதும் அதிகாரி அவருடைய அங்கியைப் பின்னாலிருந்து இழுத்து ஏதோ சொன்னார். வழக்கறிஞர் திரும்பவில்லை. என் காகிதத்தை நீதிபதிகளிடம் கொடுக்கச் செய்து, ஆங்கிலத்தில் பேசினார். எனக்கு அப்பாவின் பெயர் மட்டும் புரிந்தது.

எங்கள் வக்கீல் குனிந்து, "அசல் அவங்க ஃபைல்லயே இருக்காம். இதுக்கு மேல வாதாடப் போறதில்லன்னுட்டார்" என்றார். அரசின் மேல்முறையீடு தள்ளுபடி. அம்மாவுக்கு வேலை உறுதி. மொத்தம் மூன்று நிமிடம்.

நான் எழுந்தேன். அம்மா எழவில்லை. காலையிலிருந்து அவர் பக்கத்தில் வடநாட்டுப் பெண்மணி ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். "இந்தம்மா கூட யாரும் இல்லடி. இவங்க கேசும் முடியட்டும்" என்றார்.

அவர் வழக்கிலும் எதிரே இந்தியாதான். அதே வழக்கறிஞர் எழுந்தார். அதே குரல். நான்கு நிமிடத்தில் அரசு ஜெயித்தது. "க்யா ஹுவா?", என்ன ஆச்சு, என்று அந்தப் பெண்மணி எங்களிடம் கேட்டார். அம்மாவுக்கு ஹிந்தி தெரியாது. ஆனால் என்ன கேட்டார் என்று புரிந்தது. அந்தப் பெண்மணியின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

வெளியே அந்த ஜூனியர் வக்கீலைப் பார்த்ததும் அம்மா கும்பிட்டார். "தெய்வம் மாதிரி காப்பாத்தினீங்க கண்ணு."

"ஐயோ ஆன்ட்டி, அப்டி இல்ல. அந்த ஆர்டர் நிஜம் இல்லன்னா சார் உங்களுக்கு எதிரா நல்லாவே வாதாடியிருப்பார். கவர்ன்மென்ட் வக்கீல்னா ஜெயிக்கப் பாக்கணும். ஆனா கோர்ட்கிட்ட எதையும் மறைக்கக் கூடாது. அவ்ளோதான்." என்னைப் பார்த்து, "நான் யாருன்னு சொல்லிட்டுக் கேட்டிருக்கணும். சாரிம்மா" என்றார். பிறகு அடுத்த வழக்கின் காகிதக் கட்டை எடுத்துக்கொண்டு ஓடினார்.

அவர் சொன்னதை ரயிலில் நெடுநேரம் யோசித்தேன். அந்த மூத்த வழக்கறிஞர் எங்களைக் கண்ணெடுத்தும் பார்க்கவில்லை. எங்கள் மேல் இரக்கப்பட்டாரா என்று எனக்குத் தெரியாது. இரக்கத்தால் ஜெயிக்க முடியுமென்றால் அந்தப் பெண்மணியும் ஜெயித்திருக்க வேண்டும். அவருடைய வழக்கு சரியா தவறா என்றும் எனக்குத் தெரியாது.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். நுழைவுச் சீட்டுக்குக் கட்டணம் இல்லை, அடையாள அட்டை கட்டாயம். செல்போனை உள்ளே விட மாட்டார்கள். ஒரே நாளில் முடியும் என்று நம்பித் திரும்பும் டிக்கெட் எடுக்காதீர்கள். எந்தக் காகிதமானாலும் ஊரிலேயே மூன்று பிரதி எடுங்கள். கேட்பவர் யார் வக்கீல் என்று முதலில் கேளுங்கள். கூச்சமாக இருந்தாலும் கேளுங்கள். தனியாக மட்டும் போகாதீர்கள். தோற்றால் என்ன நடந்தது என்று சொல்ல ஒருவர் வேண்டும். ஜெயித்தாலும் வேண்டும். ஜெயித்துத் திரும்பும்போது வாசல் தாண்டும்வரை அம்மா என் கையை விடவில்லை.